மின்னூலை யாரிடம் கொடுப்பது?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்தபின் பொது அரங்கில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியையான நமது குடியிருப்புவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தின் சுருக்கம் இறுதியில் உள்ளது. – ஆசிரியர் குழு)



தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்துக் களைத்திருக்கும் நேரத்தில் என்னிடம் மைக்கைக் கொடுத்திருக்கிறீர்கள். முப்பத்திரண்டு வருடம் கடைசிப் பீரியடில் கணக்குப் பாடம் எடுத்தவள் நான். தூங்குகிறவர்களை எழுப்ப மாட்டேன்.

நம் குடியிருப்பில் எழுதுகிறவர்கள் அதிகம் என்பது நம் காலாண்டு இதழைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இரண்டாம் மாடி சார் துறைமுக வேலைக் காலத்து நினைவுகளை எழுதி வருகிறார். பி பிளாக் அம்மா மீன் குழம்பு வகைகளை மட்டுமே ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறார். கவிதை எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் யாரும் கை தூக்க மாட்டீர்கள், ஆனால் இருக்கிறீர்கள். போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "டீச்சர், புத்தகத்தை மின்னூலாகப் போடலாம் என்று பார்க்கிறேன். எந்தக் கம்பெனியிடம் கொடுக்கலாம்? யார் அதிக பர்சன்ட் தருகிறார்கள்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். நானும் முதலில் பர்சன்ட் பார்த்துத்தான் கொடுத்தேன். என்ன ஆனது என்று சொல்கிறேன்.

என் அப்பா காரைக்காலில் ஆசிரியராக இருந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தையும், 1954 நவம்பர் 1-க்குப் பிறகு ஊர் மாறியதையும் கண்ணால் பார்த்தவர். அந்த நினைவுகளை எழுதி 1986-இல் ஐந்நூறு பிரதி அச்சடித்தார். 1994-இல் இறந்துவிட்டார். வீட்டில் மிஞ்சியது மூன்று பிரதிகள். அதில் ஒன்றைக் கரையான் பார்த்துவிட்டது. 2018-இல் அதை மின்னூலாக்க வேண்டும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னது. தட்டச்சு, அட்டை, ஐஎஸ்பிஎன், பெரிய இணையக் கடைகளில் விற்பனை எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். வருமானத்தில் 80 விழுக்காடு எனக்கு. கட்டினேன். இரண்டு மாதத்தில் புத்தகம் வந்துவிட்டது. எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்பினேன்.

அப்பாவின் புத்தகத்தில் ஓர் இடம் உண்டு. எங்கள் தெருவில் இருந்த ஒருவர் சங்கப் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஊரில் பேசினார்கள் என்று எழுதியிருப்பார். பக்கம் அங்கே முடியும். அடுத்த பக்கத்தின் முதல் இரண்டு வரிகளில், அது பொய், கடைசிக் காசு வரை கணக்கு சரியாக இருந்தது, நானே பார்த்தேன் என்று எழுதியிருப்பார். தட்டச்சு செய்தவர் பக்கம் திருப்பும்போது அந்த இரண்டு வரியை விட்டுவிட்டார். நானும் ஒழுங்காகப் பிழை பார்க்கவில்லை. அதில் என் தவறும் உண்டு.

அந்த மனிதரின் மகள் அப்போது எண்பது வயதைத் தாண்டியவர். பேரன் பிரான்சில் இருக்கிறான். நம் ஊரில் சொல்தா குடும்பம் இல்லாத தெரு எது? அவன்தான் வாங்கிப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தான். "அத்தை, எங்கள் தாத்தாவைத் திருடன் என்று உங்கள் அப்பாவா எழுதினார்?" என்று கேட்டான்.

ஒரு நிமிட வேலை. இரண்டு வரி சேர்க்க வேண்டும். நிறுவனத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. போன் செய்தேன், எண் மாறியிருந்தது. கடைக்கே நேரடியாக எழுதினேன். புத்தகம் உங்கள் கணக்கில் இல்லை, கணக்கு வைத்திருப்பவர்தான் மாற்ற முடியும் என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னதும் நியாயம்தான். என் அப்பாவின் புத்தகம், என் பணம், ஆனால் சாவி வேறொருவர் கையில். பதிவுத் தபால், ஞாபகக் கடிதம் என்று 2021 வரை ஓடியது. ஒரு வழியாக அந்தப் பதிப்பை எடுத்தார்கள். அதுவரை அப்பாவின் பெயரில் அந்தப் பொய் விற்பனையில் இருந்தது. நான் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய், அச்சுப் பிரதியை எடுத்து அந்த இரண்டு வரியைப் படித்துக் காட்டினேன். "எனக்குத் தெரியும்மா, உங்கப்பா அப்படி எழுத மாட்டார்" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அதனால்தான் சொல்கிறேன். யார் எவ்வளவு தருகிறார்கள் என்பது இரண்டாவது கேள்வி. கொடுத்ததைத் திருத்தவும், விலை மாற்றவும், திரும்ப எடுக்கவும் என்னால் முடியுமா என்பதே முதல் கேள்வி. இதை மனதில் வைத்துக்கொண்டு தமிழுக்கு இன்று இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, நாமே நேரடியாகக் கடையில் ஏற்றுவது. அமேசானின் கிண்டில் நேரடிப் பதிப்புத் தளம், சுருக்கமாகக் கேடிபி. 2016 முதல் தமிழ் மின்னூல்களையும் அங்கே ஏற்ற முடிகிறது. கூகுள் பிளே புக்ஸ் இன்னொன்று. இரண்டிலும் கணக்குத் தொடங்கக் கட்டணம் கிடையாது. வங்கிக் கணக்கு, பான் எண் இருந்தால் போதும்.

இரண்டாவது வழி, இடையில் ஒருவரை வைத்துக்கொள்வது. ஒரே கோப்பை வாங்கிப் பல கடைகளுக்கு அனுப்புகிற விநியோகச் சேவைகள் உலக அளவில் உண்டு. 2008-இல் தொடங்கிய ஸ்மாஷ்வேர்ட்ஸ் அப்படி ஒன்று; 2022-இல் டிராஃப்ட் டு டிஜிட்டல் என்ற இன்னொரு சேவையுடன் சேர்ந்துவிட்டது. இப்படிப்பட்டவற்றில் சேரும் முன், தமிழ் நூலை ஏற்பார்களா, எந்தெந்தக் கடைகளுக்குத் தமிழில் அனுப்புவார்கள் என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். கடைகளின் பட்டியல் நீளமாக இருப்பதால் மட்டும் பயனில்லை. நம் மொழியை அந்தக் கடை எடுக்க வேண்டும். தமிழிலேயே வேலை செய்கிற மின்பதிப்பகங்களும் உண்டு. பெங்களூரிலிருந்து இயங்கும் புஸ்தகா பல தமிழ் எழுத்தாளர்களின் பழைய நூல்களை மின்னூலாக்கி வெளியிட்டிருக்கிறது. கணினி பக்கமே போக முடியாதவர்களுக்கு இடையில் ஒருவர் இருப்பதில் தவறில்லை. என் அனுபவத்தை வைத்து எல்லோரையும் சந்தேகப்படவும் கூடாது. ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதைப் பாருங்கள்.

மூன்றாவது, தொடராக எழுதுகிற இடங்கள். பிரதிலிபி செயலி உங்களில் பலருடைய போனில் இருக்கும். அத்தியாயம் அத்தியாயமாக எழுதலாம், உடனே வாசகர் கருத்து வரும். குடும்பக் கதை, துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு நல்ல களம். அப்பாவின் புத்தகம் போன்றவற்றுக்கு அது பொருந்தாது.

நான்காவது, இலவசமாகக் கொடுப்பது. தமிழில் இதற்கு நல்ல மரபு இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்; பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார்கள். ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் காக்க 2005-இல் நூலகம் திட்டம் வந்தது. இன்றைய எழுத்தாளர்களுக்கு 2013-இல் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் வந்தது, த. சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கியது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்தால், கைப்பேசிக்கும் கிண்டிலுக்கும் கணினிக்கும் ஏற்ற வடிவங்களில் மின்னூலாக்கி வெளியிடுகிறார்கள். பணம் வேண்டாம், நாலு பேர் படித்தால் போதும் என்பவர்களுக்கு நல்ல இடம்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. நாளைக்கு ஒரு பதிப்பகம் வந்து விலைக்குக் கேட்டாலும், ஏற்கெனவே கொடுத்த உரிமம் அப்படியேதான் இருக்கும். இலவசம் என்பதும் ஓர் ஒப்பந்தம்தான்.

இப்போது பர்சன்ட்டுக்கு வருவோம். கணக்கு டீச்சரைக் கூப்பிட்டுவிட்டுக் கணக்கு வேண்டாம் என்றால் எப்படி?

கேடிபியில் 35 விழுக்காடு, 70 விழுக்காடு என்று இரண்டு திட்டங்கள். 70 என்றதும் எல்லோரும் அதில் கை வைப்பார்கள். இந்திய விற்பனைக்கு அந்த 70 வேண்டுமானால், கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் புத்தகம் சேர்ந்திருக்க வேண்டும். விலைக்கும் ஒரு கீழ் எல்லை, மேல் எல்லை உண்டு. விலை போடும் பக்கத்திலேயே காட்டும். செலக்ட் என்றால் 90 நாளைக்கு மின்வடிவம் அமேசானில் மட்டும்தான் இருக்க வேண்டும். வேறு கடையில், வேறு தளத்தில், உங்கள் சொந்த வலைப்பக்கத்தில்கூட முழு நூல் இருக்கக் கூடாது. மாதிரிக்குப் பத்து விழுக்காடு வரை காட்டலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 90 நாள் முடிந்தால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் நாம்தான் போய் அந்த டிக்கை எடுக்க வேண்டும்.

இன்னொன்று, 70 திட்டத்தில் கோப்பை வாசகருக்கு அனுப்பும் செலவையும் நம்மிடம்தான் பிடிப்பார்கள். இந்தியாவில் ஒரு எம்பிக்கு 7 ரூபாய். 35 திட்டத்தில் இது கிடையாது.

புத்தகத்தின் விலை 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 35 திட்டத்தில் 52 ரூபாய் 50 காசு. வெறும் எழுத்து மட்டும் உள்ள 2 எம்பி புத்தகம் என்றால், 70 திட்டத்தில் 150-இலிருந்து 14 போக 136. அதில் 70 விழுக்காடு 95 ரூபாய் 20 காசு. நல்ல லாபம். ஆனால் அப்பாவின் புத்தகத்தைப் போலப் பழைய புகைப்படங்கள் நிறைய இருந்து 10 எம்பி ஆகிவிட்டால்? 150-இலிருந்து 70 போக 80. அதில் 70 விழுக்காடு 56 ரூபாய். வெறும் மூன்றரை ரூபாய் கூடுதலுக்காக மற்ற எல்லாக் கடைகளையும் மூடியிருப்போம். 12 எம்பி ஆனால் 46 ரூபாய் 20 காசு. 35 திட்டத்தைவிடக் குறைவு. சூத்திரமாக வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள்: அனுப்பும் செலவு விலையில் பாதியைத் தொட்டால் 70-உம் 35-உம் ஒன்றுதான். அதனால் படங்களைச் சுருக்கிவிட்டுப் பிறகு திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். நான் 3 எம்பிக்குக் கொண்டு வந்தேன்.

செலக்டில் இன்னொரு வருமானமும் உண்டு. கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் எத்தனை பக்கம் படிக்கிறார்களோ அதற்கேற்பப் பணம் வரும். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்பது மாதாமாதம் மாறும். விறுவிறுப்பான நாவலுக்கு இது உதவும். சமையல் குறிப்புக்கு? பி பிளாக் அம்மாவின் புத்தகத்தில் யாரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க மாட்டார்கள். வஞ்சிர மீன் வாங்கிய அன்று அந்தப் பக்கத்தை மட்டும் பார்ப்பார்கள்.

ஆக, ஒரே கடையா, பல கடையா என்பதற்குப் பொதுவான பதில் இல்லை. உங்கள் வாசகர் எங்கே இருக்கிறார் என்பதுதான் பதில். என் அப்பாவின் வாசகர்களில் பாதிப் பேர் பிரான்சில். அங்கே விற்பதற்கு 70 விழுக்காடு கிடைக்க செலக்டில் சேர வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. மீதிப் பேர் இங்கே, ஆண்ட்ராய்டு போனில். அவர்களுக்குக் கூகுள் பிளே சுலபம். கூகுள் பிளேயில் ஏற்றுவதற்கு மற்ற கடைகளை விட வேண்டியதும் இல்லை. அதனால் நான் செலக்ட் வேண்டாம் என்று முடிவு செய்தேன். துப்பறியும் நாவல் எழுதுகிற ஒருவருக்கு என் முடிவு தவறாக இருக்கலாம். அவர் ஒரு 90 நாள் செலக்டில் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வரலாம். வெளியே வர முடிகிறது, அதற்குத் தேதியும் தெரிகிறது என்பதால் அந்த ஒப்பந்தத்தில் எனக்குப் பயமில்லை.

மாங்கனித் திருவிழா நடக்கிற ஊரில் இருந்துகொண்டு அம்மையாரை நினைக்காமல் இருக்க முடியுமா? கணவர் கொடுத்தனுப்பிய மாம்பழம் இரண்டு. ஒன்றை அடியாருக்குப் படைத்துவிட்டார். கணவர் இன்னொன்று கேட்டபோது தவித்துப் போனார். மின்னூலுக்கு அந்தத் தவிப்பு இல்லை. நூறு பேருக்குக் கொடுத்தாலும் நம்மிடம் அப்படியே இருக்கும். ஆனால் உங்களுக்கு மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்த மறுநொடி அது மாம்பழம் ஆகிவிடுகிறது. அடுத்தவர் கேட்டால் கொடுக்க முடியாது.

இது நம் இதழுக்கும் பொருந்தும். துறைமுக நினைவுகள் நம் இணைய இதழில் தொடராக வந்துகொண்டிருக்கிறது. சார் அதை அப்படியே நூலாக்கி செலக்டில் போட்டால், இதழில் இருக்கும் பகுதிகள் பத்து விழுக்காட்டைத் தாண்டும். நிபந்தனையை மீறியதாக ஆகும். நல்லவேளை, ஏற்றும் முன்பே கேட்டுவிட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் போடுகிற பழக்கமுள்ளவர்களும் யோசிக்க வேண்டும். இணையத்தில் இலவசமாக வந்தால் புத்தகம் விற்காது என்றும் பயப்படாதீர்கள். ஜெயமோகனின் வெண்முரசு 2014 முதல் 2020 வரை நாள்தோறும் இணையத்தில் இலவசமாக வந்தது, 26 நாவல்கள். அதே நாவல்கள் அச்சு நூல்களாகவும் விற்றன.

கடைகள் நிரந்தரம் என்று நினைத்தும் ஏமாற வேண்டாம். ஃபிளிப்கார்ட் 2012-இல் மின்னூல் விற்கத் தொடங்கியது. 2015 டிசம்பரில் நிறுத்திவிட்டு வாசகர்களைக் கோபோ நிறுவனத்துக்கு மாற்றிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் சாதனங்களிலிருந்தே புத்தகங்கள் போய்விட்டன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே இந்தக் கதி. கடை மூடலாம். மூல கோப்பு நம்மிடம் இருந்தால் மறுநாளே வேறு கடையில் ஏற்றலாம்.

மூல கோப்பு என்றால் யூனிகோடில் உள்ள வேர்டு கோப்பும் இபப் கோப்பும். பிடிஎஃப் போதாது. போன் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்க வேண்டும், பிடிஎஃபில் மடங்காது. பழைய பேஜ்மேக்கர் கோப்பு வைத்திருப்பவர்கள் கவனமாக இருங்கள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் உண்டு. மாற்றியபின் கண்ணால் பார்க்க வேண்டும். முக்கியமாகக் காலுக்குப் பதில் 'ர' எழுத்தை அடித்திருப்பார்கள். கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும். ஆனால் வாசகர் 'காரைக்கால்' என்று தேடினால் உங்கள் புத்தகம் வராது. 'எ' எழுத்துக்குப் பதில் ஏழைக் குறிக்கும் தமிழ் எண் விழுந்திருக்கும். அச்சுப் பிரதி மட்டும் இருந்தால், பக்கங்களைப் படமெடுத்துக் கூகுள் டிரைவில் போட்டால் தமிழை எழுத்தாக மாற்றித் தரும். அதையும் மூலத்துடன் வரி வரியாக ஒப்பிடுங்கள். ஒருவர் படிக்க, ஒருவர் சரிபார்க்க வேண்டும். பக்கம் முடிகிற இடத்தில் இரண்டு முறை பாருங்கள். ஏன் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

அடுத்தது உரிமை. அப்பா 1994-இல் இறந்தார். நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள், அதாவது 2054 முடிய, உரிமை வாரிசுகளுக்கு. வாரிசு நான் மட்டும் இல்லை. அண்ணன், தங்கை உண்டு. இரண்டாம் முறை ஏற்றும் முன் மூவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டோம். சொத்துச் சண்டை இல்லாத வீட்டிலும் இதைச் செய்யுங்கள். உரிமை இல்லாத ஒருவர் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2009-இல் ஓர் உதாரணம்: ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை அமெரிக்காவில் உரிமை இல்லாத ஒரு நிறுவனம் கிண்டிலில் ஏற்றியது. அமேசான், வாங்கியவர்களின் கருவியிலிருந்தே அவற்றை அழித்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பி, பிறகு மன்னிப்புக் கேட்டார்கள்.

உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால், அது ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளப்படும் என்கிறது 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். நமக்குச் சாதகமான பிரிவு. ஆனால் பல ஒப்பந்தங்களில் 'பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்த ஒரு வரிக்காகவாவது ஒப்பந்தத்தை முழுவதும் படியுங்கள்.

ஐஎஸ்பிஎன் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் இதை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. இணையத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். இதற்குத் தனியாகப் பணம் கேட்டால், அது எண்ணுக்கான விலை அல்ல. விண்ணப்பம் நிரப்பும் கூலி. கேடிபியில் மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் இல்லாமலும் ஏற்றலாம். அமேசானில் வரி விவரம் நிரப்பும்போது பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். கொடுத்தால் இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அமெரிக்க விற்பனையின் ராயல்டியில் 15 விழுக்காடு பிடிப்பார்கள், விட்டுவிட்டால் 30. மற்றதை நம் ஏ பிளாக் ஆடிட்டர் சாரிடம் கேளுங்கள்.

கடைசியாக, யாரிடம் கொடுப்பதாக இருந்தாலும் இந்த ஐந்தையும் கேளுங்கள். கணக்கு யார் பெயரில்? என் புத்தகம் உங்களிடம் மட்டும்தான் இருக்க வேண்டுமா, எத்தனை நாளைக்கு? பிழை திருத்த எத்தனை நாள் ஆகும், அதற்குக் கட்டணம் உண்டா? விற்பனைக் கணக்கை நானே பார்க்க முடியுமா, பணம் எப்போது வரும்? நான் போக வேண்டும் என்றால் எப்படிப் போவது, கோப்புகளைக் கொடுத்துவிடுவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் இனிமையாகப் பேசுகிறவர்கள் எழுதித் தரத் தயங்கினால், அதுவே பதில்.

அப்பாவின் புத்தகம் இப்போது என் பெயரில் உள்ள கணக்கில் இருக்கிறது. போன வருடம் ஒரு தெருப் பெயர் தவறு என்று ஒருவர் சொன்னார். காலையில் காப்பி குடித்துவிட்டுத் திருத்தி ஏற்றினேன். மூன்று நாளுக்குள் சரியான பதிப்பு வந்துவிட்டது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் தானாக மாறாது, அவர்கள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு வரியும் அதில் இருக்கிறது. பிரான்சிலிருந்து அந்தப் பையன் திரும்ப வாங்கி, அந்தப் பக்கத்தைப் பாட்டிக்கு வீடியோ காலில் படித்துக் காட்டியிருக்கிறான். ராயல்டி எவ்வளவு வந்தது என்று கேட்காதீர்கள். அந்த ஒரு பிரதி விற்றது எனக்குப் போதும்.



கேள்வி நேரத்திலிருந்து

தொகை எவ்வளவுதான் வரும்? ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லுங்கள்.

என் புத்தகம் இன்னும் நூறு பிரதியைத் தொடவில்லை. கேடிபியில் ஒரு மாத விற்பனைப் பணம், அந்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் வரும். வீட்டுச் செலவுக்கு என்று நம்ப வேண்டாம். அதனால்தான் முதலில் பெரிய தொகை கட்டும் திட்டங்களில் சேர வேண்டாம் என்கிறேன். 18,000 ரூபாயை ஒரு பிரதிக்கு 50 ரூபாய் வீதம் திரும்ப எடுக்க 360 பிரதி விற்க வேண்டும்.

திருடிப் பிடிஎஃபாகச் சுற்றவிட மாட்டார்களா?

விடலாம். பூட்டுப் போட்டு வெளியிடும் வசதி இரண்டு கடைகளிலும் உண்டு. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய பிரச்சினை திருட்டு இல்லை. இப்படி ஒரு புத்தகம் இருப்பதே யாருக்கும் தெரியாததுதான். நூல் அறிமுகத்தையும் தேடுசொற்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கவனமாக எழுதுங்கள். அட்டையில் உள்ள தலைப்பு கைப்பேசியில் கட்டை விரல் அளவில் பார்த்தாலும் படிக்கும்படி இருக்கட்டும்.

நம் சங்கத்தின் பத்தாண்டு மலரை மின்னூலாகப் போடலாமா?

தாராளமாக. ஆனால் ஒவ்வொரு கட்டுரையின் உரிமையும் அதை எழுதியவருக்கு. எல்லோரிடமும் ஒரு வரியில் எழுத்து மூலம் சம்மதம் வாங்குங்கள். கணக்கு ஒரு தனி நபரின் மின்னஞ்சலில் இல்லாமல் சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும். செயலாளர் மாறும்போது மோட்டார் அறைச் சாவியோடு அந்தக் கடவுச்சொல்லையும் கைமாற்றுங்கள்.

எனக்குக் கணினி தெரியாது. என்ன செய்வது?

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இதே அரங்கில் இருப்பேன். எழுதியதையும் போனையும் எடுத்து வாருங்கள். பேரப்பிள்ளைகள் ஊருக்கு வந்திருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். தட்டச்சு அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கணக்கு மட்டும் உங்கள் பெயரில் தொடங்குவோம்.